பலாக்காய் மாவு விற்கிறோம்: சாப்பிட்டுப் பார்க்கிறார்கள், வாங்க மாட்டேன் என்கிறார்கள். புதுப் பொருள் விற்பவர்கள் வழி சொல்லுங்கள்

பண்ருட்டி பலாத்தோப்பு

வணக்கம். காடாம்புலியூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பலா மரங்கள் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் சாய்த்தது போக மிச்சம் நின்றவை. சீசன் உச்சத்தில் எல்லார் தோப்பிலும் ஒரே சமயத்தில் பழுக்கும். அப்போது மண்டியில் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அதனால் நானும் என் மனைவியும் விளைந்த காயைப் பழுப்பதற்கு முன்பே வெட்டி, சுளை எடுத்து, காயவைத்து, மாவாக அரைத்து விற்க ஆரம்பித்திருக்கிறோம். இட்லி மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலந்துகொள்ளலாம்.

மாவு நன்றாக இருக்கிறது. விற்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு உணவுக் கண்காட்சியில் கடை போட்டோம். சப்பாத்தி சுட்டுக் கையில் கொடுத்தால் ஆசையாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். "வித்தியாசமே தெரியலையே" என்கிறார்கள். அப்புறம் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடிக்கடி வரும் கேள்விகள் மூன்று. "பலாவா? எங்க வீட்டுல சுகர் இருக்கு, வேண்டாம்பா." "இதைத் தனியா பண்றதா, கலந்து பண்றதா?" மூன்றாவதுதான் மனதைக் குத்துகிறது: "இதுவும் அந்தப் பவுடர் மாதிரிதானா?" எங்கள் ஊர்ப்பக்கம் சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம் வீடு வீடாக வந்து சத்துப் பவுடர் விற்றது. சர்க்கரை போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று சொல்லி, வாங்கியவர்களையே ஏஜெண்ட் ஆக்கியது. என் சித்தப்பா அதை நம்பி மாத்திரையை விட்டார், காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கூட்டம் கெடுத்துவிட்டுப் போன பேருக்கு இப்போது நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருக்கும் பழகாத பொருளை விற்று நிலைத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜனங்கள் எப்படி நம்ப ஆரம்பித்தார்கள்?

கூரைமேல் சூரியன்

அண்ணே, வாழ்த்துகள். நான் கடலூரில் வீடுகளுக்கு சோலார் பேனல் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் இதற்கு முதலில் விலையைக் கேட்க மாட்டார்கள். "புயல்ல பறந்துடாதா?" என்றுதான் கேட்பார்கள். தானேயைப் பார்த்த ஊர், வேறு என்ன கேட்கும்?

காற்றின் வேகம், அழுத்தம் என்று ஆரம்பத்தில் கணக்குச் சொல்வேன். தலையாட்டுவார்கள், முகத்தில் ஒன்றும் தெரியாது. இப்போது கணக்குச் சொல்வதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நின்ற கூரைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெருப்பெயர் சொல்லி, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, "நீங்களே போய் மாடி ஏறிப் பாருங்கள், நான் வரவில்லை" என்று அனுப்பிவிடுவேன். நான் கூடப் போனால் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார். நான் இல்லாவிட்டால் உள்ளதைச் சொல்வார். "பேனல் துடைக்க மாடி ஏறுவதுதான் கஷ்டம், உப்புக்காத்துல சீக்கிரம் அழுக்கு படியுது" என்று ஒருவர் எல்லாரிடமும் சொல்கிறார். அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். குறையையும் சொல்கிற ஆள் நிறையைச் சொன்னால் எடுபடுகிறது.

அடுத்து பணம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும், என் கைக்கு வராது. இதை முதல் சந்திப்பிலேயே, அவர்கள் போனில் இணையதளத்தைத் திறந்து, அவர்களையே படிக்கச் சொல்வேன். "இலவச கரண்ட்" என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். அப்படிச் சொல்லி விற்றவர்களின் வாடிக்கையாளர்கள் முதல் பில்லிலேயே சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். முதல் பில் வரும் அன்று நானே போய் உட்கார்ந்து, பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டுவேன். விற்ற பிறகு வருகிற ஆளை ஜனங்கள் மறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அப்போதுதான் எட்டிப் பார்ப்பார்.

முதுநகர் மளிகை

தம்பி, கடைக்காரன் கண்ணிலிருந்து சொல்கிறேன். உங்களை ஜனங்களுக்குத் தெரியாது, என்னைத் தெரியும். அப்பா காலத்திலிருந்து ஒரே கடை. புதுப் பொருளை எடுத்துக்கொண்டு ஒரு அம்மா என்னைப் பார்த்து "நல்லா இருக்குமா?" என்று கேட்டால், அவர் நம்பப் போவது என் வார்த்தையை. ஆகவே நீங்கள் முதலில் நம்ப வைக்க வேண்டிய ஆள் நான்.

புதுச் சரக்கு கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வண்டு வந்தால் மாற்றித் தருவீர்களா? தேதி முடிந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? போன் பண்ணினால் எடுப்பீர்களா? கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள்: அடுத்த மாதமும் சரக்கு வருமா?

உங்கள் விஷயத்தில் அது ரொம்ப முக்கியம். பலா சீசன் பொருள். ஆனியில் ஒரு அம்மா வாங்கிப் பழகி, கார்த்திகையில் வந்து கேட்கும்போது "வரலைம்மா" என்றால் அத்தோடு சரி. சீசனில் அரைத்ததை வருடம் முழுக்கத் தருகிற அளவுக்கு இருப்பு வையுங்கள். முடியாவிட்டால், "மாசி வரைக்கும்தான் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன தேதிக்கு நிற்கிறவன் சின்னக் கம்பெனியாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. பெரிய கம்பெனி ஆட்கள் ஆறு மாதம் ஓடிஓடி வந்துவிட்டு, பழைய சரக்கை எடுக்கச் சொன்னால் போனை எடுக்காமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கமிஷன் கூடுதலாகத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓடாத பொருளுக்குத்தான் அதிக கமிஷன் என்பது எங்களுக்குத் தெரியும்.

மஞ்சக்குப்பம் பெரியவர்

இந்த இழையில் நம் ஊர்க்காரர் கதை வராமல் போகக் கூடாது. ஷாம்பு என்றாலே பணக்காரர் பொருள் என்றிருந்த காலம். கிராமத்தில் சீயக்காய், இல்லாவிட்டால் சோப்பு. அதைச் சின்ன பாக்கெட்டில் போட்டு எல்லார் கைக்கும் கொண்டுவர வேண்டும் என்று கடலூரில் உட்கார்ந்து யோசித்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாக ஆரம்பித்து, சிக் ஷாம்பு கொண்டுவந்தார். இன்றைய கவின்கேர் அதுதான்.

அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிற முறையைக் கவனியுங்கள். ஷாம்பு போடாத ஊர்களுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனுக்குத் தலையில் தேய்த்துக் கழுவி, நின்றவர்களைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டு, இடையில் விளம்பரம் காட்டி, படம் முடிந்ததும் செய்முறை காட்டி, கையில் ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது காலிப் பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். சில மாதம் கழித்து, சிக் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தால்தான் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். காலிப் பாக்கெட் என்றால் என்ன? அதை ஒருவர் தலையில் போட்டுக் குளித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். சும்மா வாங்கி அலமாரியில் வைத்தவருக்குப் பரிசு கிடையாது. பழக்கம் வந்தவருக்குத்தான் கொடுத்தார்கள். அந்தப் பாக்கெட்டை எண்ணி வாங்கியது பெட்டிக்கடைக்காரர் என்பதால் அவரும் கூட்டத்தில் ஒருவர் ஆகிவிட்டார்.

தம்பி, நீங்கள் கண்காட்சியில் கொடுத்தது ஒரு வாய் சப்பாத்தி. அது அவர் வீட்டு அடுப்பில் வெந்ததில்லை. அவர் மாமியார் சாப்பிட்டதில்லை. ஒரு வேளைக்கான சின்ன பாக்கெட் போட்டுப் பாருங்கள்.

நேரு வீதி நடை

எல்லாம் சரி ஐயா, ஆனால் ஷாம்புவும் இதுவும் ஒன்றா? தலை குளித்தால் பத்து நிமிடத்தில் முடி மினுமினுப்பது தெரிந்துவிடும். மாவு சாப்பிட்டால் என்ன தெரியும்? விலை வேறு கோதுமை மாவைவிடப் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பலனுக்கு மாதாமாதம் யார் காசு கொடுப்பார்கள்? நம்பிக்கை எல்லாம் அப்புறம், முதலில் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டி பலாத்தோப்பு

விலையைக் குறைக்க வழி இல்லை சார். காயில் முக்கால்வாசி தோல், சடை, தண்ணீர் என்று போய்விடும். சுளையிலும் ஈரம் போனால் கைக்கு நிற்பது கொஞ்சம்தான். சுளை பிரிக்கிற ஆட்களின் கூலி தனி. இந்தக் கணக்கை அப்படியே ஒரு அட்டையில் எழுதிக் கடை முன்னால் வைக்கலாமா என்று மனைவி கேட்கிறாள்.

முதுநகர் மளிகை

வையுங்கள். இத்தனை கிலோ காய், இவ்வளவு சுளை, இவ்வளவு மாவு என்று மூன்று வரி போதும். முடிந்தால் முழுக் காயையும் சுளையையும் மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பண்ருட்டிப் பலாவைத் தூக்கிப் பார்க்காத ஆள் நம் மாவட்டத்தில் இல்லை. கணக்கு அவர்களுக்கே புரியும்.

லாஸ்பேட்டை செல்வி

வாங்குகிற பக்கத்திலிருந்து நான். அம்மாவுக்குப் பல வருடமாக சர்க்கரை, ஜிப்மரில் பார்க்கிறோம். உங்கள் கண்காட்சியில் நானும் நின்றிருக்கலாம், இப்படி எத்தனையோ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். ஏன் வைக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலாவது, "சர்க்கரைக்கு அருமருந்து" என்று முன்பக்கம் எழுதியிருந்தால் தொடமாட்டேன். அம்மாவின் டாக்டர் சொல்லாததைப் பாக்கெட் சொல்கிறது என்றால் பயமாக இருக்கிறது. இரண்டாவது, எவ்வளவு போடுவது என்று எழுதியிருக்காது. "தேவையான அளவு" என்று இருக்கும். எங்களுக்குத் தேவையான அளவு எங்களுக்கு எப்படித் தெரியும்? சப்பாத்திக்கு எடுக்கிற கோதுமை மாவில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் போடுவதா, கூடுதலாகப் போடுவதா? கூடுதலாகப் போட்டால் அம்மா சாப்பிடுவது அதிகமாகிவிடுமே. மூன்றாவது, போன் நம்பர் இருக்கும், அடித்தால் ரெக்கார்ட் செய்த குரல் பேசும்.

ஒருமுறை சிறுதானிய அவல் விற்ற பெண்ணிடம், அம்மாவுக்குக் கிட்னி டெஸ்டில் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது என்று சொன்னேன். "அப்போ டாக்டரைக் கேட்டுட்டு வாங்க அக்கா, இன்னைக்கு வேண்டாம்" என்று பாக்கெட்டைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டார். கேட்டுவிட்டுப் போய் அவரிடமே வாங்கினேன், இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன். விற்க வேண்டிய இடத்தில் விற்காமல் விட்டார் பாருங்கள், அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

அன்னவெட்டி

சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி, வேலை உணவுப் பரிசோதனைக் கூடத்தில். செல்வி அக்கா சொன்ன கிட்னி விஷயம் பலாவுக்கும் பொருந்தும். பலாவில் பொட்டாசியம் கணிசமாக உண்டு, காயவைத்து மாவாக்கும்போது இன்னும் அடர்த்தியாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர்க்கவும் என்று ஒரு வரி பாக்கெட்டில் இருக்கட்டும்.

அடுத்து, "சர்க்கரையே இல்லாத மாவு" என்று சொல்லும் ஆசை வரும். சொல்லாதீர்கள். காயில் மாவுச்சத்து இருக்கிறது, பழுக்கும்போது அதுதான் சர்க்கரையாக மாறுகிறது. மாவுச்சத்தும் உடம்பில் குளுக்கோஸ்தான். பழத்தைவிடக் காயில் சர்க்கரை குறைவு என்றால் உண்மை. அரிசியிலோ கோதுமையிலோ ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட வேண்டும், மேலே கூட்டக் கூடாது. செல்வி அக்கா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்தது, 2021-ல் நியூட்ரிஷன் அண்ட் டயபட்டீஸ் இதழில் வந்தது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் 40 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்குத் தினம் 30 கிராம் பலாக்காய் மாவு, அதே அளவு அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாக. இன்னொரு பிரிவுக்கு வேறு மாவு. பலாக்காய் மாவு சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு குறைந்தது. கவனியுங்கள்: அவர்கள் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆய்வில் கொடுத்தது கேரளத்து நிறுவனம் ஒன்றின் மாவு. நீங்கள் எந்தப் பருவத்தில் வெட்டுகிறீர்கள், எப்படிக் காயவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் மாவு வேறாக இருக்கலாம். அந்த ஆய்வைக் காட்டி உங்கள் பாக்கெட்டை விற்க முடியாது.

சட்டமும் விடாது. 1954-ம் வருடத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

செய்ய வேண்டியது: அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஊட்டச்சத்து, ஈரப்பதம், பூஞ்சை நச்சு சோதனை. தஞ்சாவூரில் இருக்கிற நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், முன்பு ஐ.ஐ.எஃப்.பி.டி. என்று இருந்தது, நமக்குப் பக்கம். அறிக்கையை அந்தந்த பேட்ச் எண்ணோடு வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைச் சின்னதாக ஒளித்து அச்சடிக்காதீர்கள். அதை அரசு இணையதளத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்க்க மாட்டார்கள், பார்க்கச் சொன்ன தைரியத்தைப் பார்ப்பார்கள்.

பண்ருட்டி பலாத்தோப்பு

ரொம்ப நன்றி. ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. சர்க்கரை என்ற வார்த்தையே சொல்லக் கூடாது என்றால் இதை எதைச் சொல்லி விற்பது? அதற்காகத்தானே வாங்குவார்கள்? நான் வாய்மூடி நிற்கும்போது பக்கத்துக் கடையில் ஒருவர் "ஒரே மாசத்துல இறங்கிடும்" என்று கூவி விற்றுவிட்டுப் போகிறாரே.

குயிலாப்பாளையம் தையல்

இதற்கு நான் பதில் சொல்லலாமா? நாங்கள் ஆரோவில் பக்கம் சில பெண்கள் சேர்ந்து, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைத்து விற்கிறோம். இந்தப் பக்கத்தில் எக்கோஃபெம் இதைப் பல வருடமாகச் செய்து, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வழி போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த சின்னக் குழு எங்களுடையது.

எங்கள் பொருளை யாரும் கண்காட்சியில் போட்டுக் காட்ட முடியாது. வாங்கியவர் நாலு பேர் நடுவில் "நல்லா இருக்கு" என்று சொல்லவும் மாட்டார். கூரை சோலார் தெருவுக்கே தெரியும், எங்களுடையது கொடியில் காயும்போதுகூட மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கும். அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? கேள்வி கேட்க ஒரு இடம் இருந்தால் வரும் என்று கண்டுகொண்டோம். சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்ததும் ஆண்கள் இல்லாத நேரத்தில் உட்காருவோம். விற்பனைப் பேச்சே கிடையாது. ஒரு நாப்கினைப் பிரித்து உள்ளே எத்தனை அடுக்கு, எந்தத் துணி என்று காட்டுவோம். அதன்மேல் டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு அடிப்பக்கம் தொடச் சொல்வோம். அது ஒன்றுதான் செய்முறை.

அப்புறம் கேள்விகள் வரும். "கறை போகுமா?" "மழைக்காலத்துல காயுமா?" எங்கள் பதில்: கறை முழுக்கப் போகாது, ஆனால் நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்தால் சுத்தமாக இருக்கும். ஐப்பசியில் காய நேரமாகும், கூட இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் காயவைக்க இடமே இல்லாதவர்களுக்கு இது ஒத்து வராது. இதைக் கேட்டுச் சில பேர் வாங்காமல் போவார்கள். போகட்டும். வாங்கியவர்கள் தங்கைக்கும் நாத்தனாருக்கும் சொல்லியனுப்புகிறார்கள்.

அண்ணா, சர்க்கரை என்ற வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே கேட்பார்கள். கேட்கும்போது அன்னவெட்டி எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: காய் வேறு, பழம் வேறு, ஒரு பங்கு அரிசி மாவை எடுத்துவிட்டுப் போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சித்தப்பா விஷயத்தையும் சொல்லுங்கள். "மாத்திரையை விடாதீங்க" என்று அடிபட்ட வீட்டுக்காரர் சொல்வதும், கூவி விற்கிறவர் சொல்வதும் கேட்கிறவர் காதில் ஒன்றாக விழாது.

கூரைமேல் சூரியன்

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அந்தக் கூவுகிற ஆள் அடுத்த வருடக் கண்காட்சியில் இருக்க மாட்டார். நீங்கள் இருப்பீர்கள்.

நேரு வீதி நடை

நான் விலையைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை, ஆனால் சின்ன பாக்கெட் யோசனை பிடித்திருக்கிறது. அரைக் கிலோவுக்குக் காசு போட யோசிக்கிற நான், ஒரு வேளைக்கான பாக்கெட் என்றால் எடுத்திருப்பேன்.

பண்ருட்டி பலாத்தோப்பு

சரி, நேற்று இரவு உட்கார்ந்து பேசினோம். 30 கிராம் பாக்கெட் போடுகிறோம், ஒரு ஆள் ஒரு நாளைக்கு. பின்பக்கம் இட்லிக்கு, சப்பாத்திக்கு, எதை எவ்வளவு எடுத்துவிட்டு எவ்வளவு போடுவது என்று படத்தோடு. கிட்னி வரி கண்டிப்பாக உண்டு. போன் நம்பர் என் மனைவியுடையது, அவளே எடுப்பாள். பெரியவர் சொன்ன மாதிரி காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் பெரிய பாக்கெட்டில் விலை குறைப்பு. முன்பக்கத்தில் "பண்ருட்டி பலாக்காய் மாவு" என்பதைத் தவிர ஒன்றும் கிடையாது.

முதுநகர் அண்ணே, உங்கள் கடையில் வைக்கலாமா? வண்டு வந்தால் மாற்றித் தருகிறேன், தேதி முடிந்ததை எடுத்துக்கொள்கிறேன். இருப்பு தை வரைக்கும் இருக்கிறது, அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது.

முதுநகர் மளிகை

தை என்று சொன்னீர்களே, அது போதும். முதலில் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவாருங்கள், விற்றதற்கு மட்டும் வாராவாரம் காசு. ஐப்பசி மழையில் மாவு ஈரம் இழுக்கும், அதனால் சாதாரண கவர் வேண்டாம், உள்ளே அலுமினியப் பூச்சு உள்ள கவராகப் பாருங்கள். வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிவாருங்கள். என் வீட்டில் ஒருமுறை இட்லி ஊற்றிப் பார்க்கிறோம், அதன் பிறகுதான் கடையில் வைப்பேன்.

லாஸ்பேட்டை செல்வி

புதுச்சேரிக்கு எப்போது? அம்மாவுக்கு அடுத்த செவ்வாய் ஜிப்மரில் செக்கப். டாக்டரிடம் காட்ட, ஆய்வுக்கூட அறிக்கை வந்ததும் அனுப்ப முடியுமா?

பண்ருட்டி பலாத்தோப்பு

மாதிரி நாளைதான் தஞ்சாவூருக்குப் போகிறது அக்கா, செவ்வாய்க்குள் அறிக்கை வராது. வந்த அன்றே அனுப்புகிறேன். அதுவரை வாங்க வேண்டாம்.